முட்டைப் பெட்டியில் எதைப் பரப்புவது: 32 கோழி, 8 பெட்டி, 5 மாதம்

புரட்டாசிக் கடைசியில் எங்கள் இன்குபேட்டருக்குள் ஒரு முட்டை வெடித்தது. முட்டை வைத்துப் பதின்மூன்றாம் நாள். விடிகாலையில் அறைக்கதவைத் திறந்ததுமே குடலைப் புரட்டுகிற நாற்றம், மூடியைத் தூக்கிப் பார்த்தால் பச்சையும் கருப்புமாக ஒரு குழம்பு, பக்கத்தில் இருந்த பதினோரு முட்டைகள் மேலும் தெறித்துக் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த ஈட்டில் 60 முட்டை வைத்து 33 குஞ்சுதான் பொரித்தது.

முதலில் மெஷின் மேல்தான் சந்தேகப்பட்டேன். வெப்பமானியை மாற்றினேன், தண்ணீர்த் தட்டைக் கழுவினேன். கால்நடை மருத்துவமனை டாக்டரிடம் கேட்டபோது அவர் வெடித்த முட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. மிச்சம் இருந்த முட்டைகளில் இரண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கழுவினீங்களா?" என்றார். ஆமாம், அழுக்காக இருந்ததைக் கழுவித்தான் வைத்தேன் என்றேன். "மெஷினை அப்புறம் பார்க்கலாம். முட்டை விழுகிற இடத்தைப் போய்ப் பாருங்க."

அவர் சொன்னதன் காரணம் பிறகுதான் புரிந்தது. முட்டை வெளியே வரும்போது கோழியின் உடம்புச் சூட்டிலேயே, ஏறக்குறைய 41 டிகிரியில், ஈரப் பளபளப்போடு வருகிறது. வெளிக்காற்று பட்டதும் ஆறத் தொடங்கும். ஆறும்போது உள்ளே இருக்கிற வெள்ளையும் மஞ்சளும் சுருங்கும், சுருங்கிய இடத்தை நிரப்ப ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும். முட்டையின் மழுங்கிய முனையில் இருக்கிற காற்றுப்பை உண்டாவதே இப்படித்தான். அந்த நேரத்தில் ஓட்டின் மேல் எச்சம் ஒட்டியிருந்தால் அதிலுள்ள கிருமியும் காற்றோடு சேர்ந்து உள்ளே போக வழி இருக்கிறது. ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய படலம் உண்டு, துளைகளை அடைத்து வைப்பது அதுதான். நான் கழுவிய கழுவலில் அதையும் சேர்த்துத் தேய்த்து எடுத்திருக்கிறேன், அதுவும் பச்சைத் தண்ணீரில், இன்னும் சுருங்கி இன்னும் உள்ளே இழுக்கட்டும் என்கிற மாதிரி. அதற்கப்புறம் 37.5 டிகிரிச் சூட்டில் 21 நாள் வைக்கப்போகிறோம். கிருமிக்கு அதைவிட வசதியான இடம் வேறு எங்கே கிடைக்கும்?

ஆக முட்டை விழுந்த முதல் சில நிமிடம் எதன் மேல் கிடக்கிறது என்பதுதான் விஷயம். சரி, பரப்புகிற பொருளை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பாதி தப்பு என்று தெரிவதற்கு இரண்டு மாதம் ஆனது.

எங்கள் தோப்பு பொள்ளாச்சிப் பக்கம். சிறுவிடை, பெருவிடை என்கிற இரண்டு நாட்டுக்கோழி ரகமும் கலந்த 32 முட்டைக்கோழி, 3 சேவல். பகலில் தோப்புக்குள் மேயும், இரவு கொட்டகையில் அடையும். நாட்டுக்கோழிதானே, எல்லாம் ஒரே நேரத்தில் முட்டையிடாது. சில அடையில் உட்கார்ந்திருக்கும், சில குஞ்சோடு திரியும், ஒரு நாளைக்குப் பத்து முட்டை வந்தால் நல்ல நாள். முட்டையிட 8 மரப்பெட்டிகள், அகலம் 12 அங்குலம், ஆழம் 14. நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி என்கிற கணக்குக்குச் சரியாக வரும். அதற்கு முன்னால் 15 கிலோ எண்ணெய் டின்களைப் படுக்கப்போட்டு வைத்திருந்தேன், சித்திரை வெயிலில் அது அடுப்பு மாதிரி ஆகிவிட்டது, பெருவிடைக்கு உள்ளே திரும்பவும் இடம் பத்தவில்லை. கீரிக்குப் பயந்து பெட்டிகளைச் சுவரோடு சேர்த்து மூன்றடி உயரத்தில் வரிசையாக மாட்டியிருந்தேன். இந்த மூன்றடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் அப்போது இருந்தது உமி. ரைஸ்மில்லில் மூட்டையாகக் கிடைக்கும், காசு ரொம்ப இல்லை, கொட்டகைத் தரைக்கும் அதுதான். ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். 14 நாளில் 141 முட்டை, அதில் எச்சம் பட்டது 38. நாலில் ஒன்றுக்கும் மேல்!

உமியின் குணத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. ஒரு காலையில் எட்டு மணிக்கு முக்காலியைப் போட்டு ஓரமாக உட்கார்ந்தேன். கருப்பி என்று நாங்கள் கூப்பிடும் கோழி வந்தது. நாலு பெட்டிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்துவிட்டு ஐந்தாவதில் ஏறியது. ஏறி உடனே உட்காரவில்லை. நெஞ்சை அமுக்கி, ஒரு சுற்றுத் திரும்பி, காலால் பின்னுக்கு வாரி விட்டு, மறுபடி திரும்பி, மறுபடி வாரி. ஒவ்வொரு வாரலுக்கும் ஒரு கைப்பிடி உமி பெட்டி வாயில் இருந்த இரண்டு அங்குலத் தடுப்பைத் தாண்டி மழை மாதிரிக் கீழே கொட்டியது. உமிக்கு ஒன்றோடொன்று பிடிப்பு கிடையாது, வழவழவென்று சரியும், குழி பறித்தால் குழி நிற்காது. குழி நிற்காததால் கோழி திருப்திப்படாமல் இன்னும் பறிக்கிறது. கடைசியில் வெறும் பலகையில் உட்கார்ந்து முட்டையிட்டது, "டொக்" என்று சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தால் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். போதாததற்கு மில் உமியில் கொஞ்சம் நொய்யும் தவிடும் கலந்திருக்கும், பெட்டிக்குள்ளேயே கொத்தித் தின்னப் பழகுகிறது. விரிசல் விட்ட முட்டையும் கொத்துகிற அலகும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்று கோழி வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை குடிக்கப் பழகிய கோழியை அப்புறம் குழம்புக்குத்தான் திருப்ப முடியும்.

சரி, உமி வேண்டாம் என்று பித்துக்குப் போனேன். எங்கள் ஊரில் தென்னை நார்க்கழிவை யாரும் நார்க்கழிவு என்று சொல்வதில்லை, பித்துதான். நார் மில்லுக்கு மில் மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீர் உறிஞ்சும், மெத்தென்று இருக்கும், குழி அப்படியே நிற்கும். முதல் மூன்று நாள் "இவ்வளவு சுலபமாகவா" என்று இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது. ஈரத்தை உறிஞ்சுகிறது, சரி, ஆனால் விடுவதில்லை. கோழி மழையில் நனைந்த காலோடு ஏறியதும் பித்து சாயம் விட ஆரம்பித்தது. முட்டை ஓட்டில் டீ டிகாக்‌ஷன் கொட்டினாற்போல் பழுப்புத் திட்டு. சாப்பாட்டு முட்டைக்கு வாங்க வந்த அக்கா ஒருவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு, இது என்ன முட்டைக்கு மருதாணி வெச்சிருக்குற" என்றார். காய்ந்த பித்தோ இன்னொரு தொல்லை, கோழி வாரும்போது செம்புழுதி கிளம்பிக் கொட்டகையே மங்கலாகும். தரைக்குப் போட வெயில் காலத்தில் நல்ல பொருள்தான், முட்டைப் பெட்டிக்கு வேண்டாம்.

அப்புறம் தச்சுப் பட்டறை. இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், மரத்தூள் வேறு, சீவல் வேறு. ரம்பத்தில் விழுகிற தூள் மாவு மாதிரி, மூக்கில் ஏறும், ஈர முட்டையில் பூசிக்கொள்ளும். இப்போது பட்டறைகளில் பாதி வேலை பிளைவுட்தான், அந்தத் தூளில் பசை இருக்கும், அதைக் கோழிக்குப் போடக்கூடாது. இழைப்புளி தள்ளும்போது சுருள் சுருளாக விழுகிறதே, அந்தச் சீவல்தான் நமக்கு வேண்டியது. சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு குழியைத் தாங்கும், ஈரம் பட்டாலும் சீக்கிரம் காயும். சீவலின் ஒரே குறை, கேட்டபோது கிடைக்காது. எங்கள் பக்கத்துப் பட்டறையில் வாரத்துக்கு ஒரு சாக்கு வந்தால் அதிகம், அதையும் பிரித்துப் பொறுக்க வேண்டும்.

இந்தச் சீவலைப் போட்ட 10 நாளில் 102 முட்டை, அழுக்கு 24. எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு நல்ல பொருள், கோழிக்கும் பிடித்திருக்கிறது, அப்படியும் நாலில் ஒன்று.

நடுவில் பிளாஸ்டிக் புல் விரிப்பை ஆன்லைனில் வாங்கி நாலு பெட்டியில் வெட்டிப் போட்டேன். கழுவினால் போதும் என்று ஆசை. கோழிகள் ஏறின, காலால் வாரின, ஒன்றும் நகரவில்லை, இறங்கிப் போய்த் தீவன மூட்டைக்குப் பின்னால் முட்டையிட்டன. ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை. பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போட்டதும் அவ்வளவுதான், ஈரத்தில் அப்பளம் மாதிரி ஒட்டிப்போகும். கடலைத்தோல் தருவதாக ஒருவர் சொன்னார். மழைக் காலத்தில் கடலைத்தோலில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது என்னால் ஆகாத வேலை என்று வாங்கவே இல்லை.

கடைசியாக வைக்கோல். ஆனைமலைப் பக்கமிருந்து மெஷின் கட்டு பத்து வாங்கினேன். மேலே பொன்னாக இருந்த கட்டைப் பிரித்தால் நடுவில் கருப்புப் புள்ளி, அடைத்துக் கிடந்த வீட்டைத் திறந்த வாசம். வயலில் ஈரத்தோடு சுருட்டினால் இப்படித்தான் ஆகும். அந்தப் பூஞ்சையின் தூசியைச் சுவாசித்தால் கோழிக்கு, முக்கியமாகக் குஞ்சுக்கு, நுரையீரலில் நோய் வரும். மூன்று கட்டைத் தோப்புக்கு மூடாக்காகப் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் வாங்குமுன் கட்டின் நடுவில் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பாக இருந்தாலோ, கையை எடுத்து மோந்தால் வாசம் வந்தாலோ வேண்டாம். விற்கிறவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். நல்ல வைக்கோலையும் நீளமாக அப்படியே போட்டது என் தப்பு. கோழி இறங்கும்போது காலில் சுற்றி ஒரு கற்றையோடு இறங்கும், கூடவே ஒரு முட்டையும் உருண்டு விழும். 12 நாளில் 118 முட்டை, அழுக்கு 29.

நோட்டைப் பார்த்தேன். உமி, சீவல், வைக்கோல், எதைப் போட்டாலும் நாலில் ஒன்று. பித்தில் மட்டும் சாயத்தோடு சேர்த்து இன்னும் மோசம். பொருளுக்குப் பொருள் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் கணக்கு மாறவில்லை என்றால் அழுக்கு வேறு எங்கிருந்தோ வருகிறது. இதை அம்மாதான் முதலில் சொன்னார், நான் நோட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு. "முட்டையிட வர்ற கோழி பத்து நிமிசம், அரை மணி நேரம் உட்காருது. அதுக்குள்ள இவ்வளவு பேளுமாடா?"

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போனேன். எட்டுப் பெட்டியில் ஐந்தில் விடைகள், அதாவது இளங்கோழிகள், தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெட்டியில் இரண்டு, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து.

காரணம் மூன்றடிதான். கோழி எப்போதும் இருக்கிற இடத்தில் உயரமானதைத் தேடித்தான் அடையும். நான் அடைவதற்குக் கட்டியிருந்த மூங்கில் இரண்டடி உயரத்தில், பெட்டிகள் மூன்றடியில். பெரிய கோழிகள் மூங்கிலில் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கொத்து வாங்குகிற விடைகள் பெட்டிக்குள் போய்விடும். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற கோழி அங்கேயே எச்சமிடும், காலையில் முட்டையிட வருகிற கோழி அதன் மேல் உட்காரும். இரண்டு மாதமாக நான் படுக்கையை மாற்றி மாற்றிப் போட்டது, முட்டையிடுகிற இடத்துக்கு அல்ல, கக்கூஸுக்கு.

மறுநாளே பெட்டிகளை ஒன்றரை அடிக்கு இறக்கி, மூங்கிலை நாலடிக்கு ஏற்றினேன். பெட்டி வரிசையின் மேல் சரிவாக ஒரு பலகை, மேலே ஏறி உட்கார முடியாதபடி. கீரிக்குக் கொட்டகை வாசலில் கம்பி வலையை இறுக்கினேன், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பழகிப்போன விடைகள் சும்மா விடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டி வாய்களைச் சாக்குப் படுதாவால் மூடி, விடிவதற்கு முன் திறந்து விட்டேன், பத்து நாள். பிறகு அவையே மூங்கிலில் ஏறக் கற்றுக்கொண்டன.

இங்கே ஒரு காரியத்தை வேண்டுமென்றே செய்தேன். வைக்கோலை எடுத்துவிட்டு எட்டுப் பெட்டியிலும் மறுபடி உமியையே போட்டேன், எது வேலை செய்தது என்று தெரிய வேண்டுமே. 14 நாளில் 133 முட்டை, அழுக்கு 14. பத்தில் ஒன்று. அடுத்து வாய்த் தடுப்பை இரண்டு அங்குலத்திலிருந்து ஐந்தாக உயர்த்தி ஆணி அடித்தேன், ஏறி நின்று காலைத் துடைத்துக்கொள்கிற மாதிரிப் பெட்டிக்கு முன்னால் ஒரு கட்டையும் வைத்தேன். மறுபடி 14 நாள், மறுபடி உமி, 129 முட்டை, அழுக்கு 8, விரிசல் ஒன்றுகூட இல்லை. இப்போது உமி நாலு அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளேயே நின்றது. நான் மட்டம் என்று ஒதுக்கிய அதே உமி!

அதற்கப்புறம்தான் பொருளுக்குப் பொருள் நியாயமாக ஒப்பிட முடிந்தது. மார்கழியில் மூன்று பெட்டி நறுக்கின வைக்கோல், மூன்று உமி, இரண்டு சீவல் என்று போட்டேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. மூலையில் இருக்கிற இருட்டுப் பெட்டி எப்போதும் கோழிகளுக்குப் பிரியம், அதில் எதைப் போட்டாலும் மூன்று கோழி க்யூவில் நிற்கும், பக்கத்துப் பெட்டி காலியாகக் கிடக்கும். ஒரே ஒரு வாரம் பார்த்துவிட்டு "வைக்கோல்தான் கோழிக்குப் பிடிக்கிறது" என்று சொல்லியிருந்தால் மூலைக்குக் கிடைத்த பெருமையை வைக்கோலுக்குக் கொடுத்திருப்பேன். அதனால் வாரா வாரம் பொருள்களை இடம் மாற்றினேன். மூலையில் எது இருந்ததோ அந்த வாரம் அதற்குத்தான் முட்டை அதிகம். மற்ற ஏழு பெட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் வைக்கோலுக்கும் சீவலுக்கும் கோழிகள் வித்தியாசம் காட்டவில்லை, உமிதான் கடைசித் தேர்வு. கீழே விழுந்து போகாவிட்டாலும் குழி நிற்காத பொருள் அதற்கு உறுத்துகிறது போல. ஈர முட்டையில் ஓரிரண்டு உமி ஒட்டிக் காய்வதும் இருக்கிறது, விரலால் தட்டினால் போய்விடும்.

வைக்கோலை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கினால் காலில் சுற்றுவது நின்றுவிடுகிறது. தீவன வெட்டு மெஷின் இருந்தால் ஐந்து நிமிட வேலை, இல்லாவிட்டால் அரிவாள்மணை. ரொம்பப் பொடியாக நறுக்கினால் அதுவும் உமி மாதிரிச் சரியும்.

வைக்கோலின் வில்லங்கம் தை மாதம் தெரிந்தது. ஒரு கோழியின் கொண்டை வெளிறியிருந்தது, இரண்டு கோழி பெட்டி வரை வந்து ஏறாமல் திரும்பின. ராத்திரி டார்ச் அடித்துப் பெட்டி மூட்டில் கட்டைவிரலைத் தேய்த்தேன், துரு மாதிரிச் சிவப்பாக ஒரு கோடு விரலில் வந்தது. செள்ளு. பகலில் பலகை இடுக்கிலும் வைக்கோல் தண்டுக்குள்ளும் பதுங்கி, இருட்டியதும் வந்து ரத்தம் குடிக்கிற வகை. பழைய வைக்கோல் மேலேயே புதுசைப் போட்டுக்கொண்டு வந்தது என் சோம்பேறித்தனம், அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் பார்த்தேன். நாலு நாளில் காய்ந்து அதுவும் குப்பையோடு குப்பை, செள்ளு அப்படியே இருந்தது. வேலைக்கு ஆனது முரட்டு வைத்தியம்தான். எல்லா வைக்கோலையும் அள்ளிக் கொளுத்தி, பெட்டிகளைக் கழற்றி உச்சி வெயிலில் காயவைத்து, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடித்தேன். விட்டுப்போனதும் புதிதாகப் பொரித்ததும் ஒரே வாரத்தில் பெருகிவிடும், ஒரு தடவையோடு நிறுத்தினால் பிரயோசனம் இல்லை. இப்போது 15 நாளுக்கு ஒருமுறை முழுசாக மாற்றுகிறேன், மேலே போடுவது கிடையாது.

அடைக்கு உட்காருகிற கோழி வேறு கணக்கு. நாட்டுக்கோழி அவயத்துக்கு உட்கார்ந்துவிட்டால் முட்டையிடுகிற பெட்டியை அடைத்துக்கொண்டு யாரையும் விடாது, அதைத் தனியாக மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு அம்மிச்சி, அம்மாவின் அம்மா, செய்த வழியை நான் மாற்றவே இல்லை. கூடையில் அடியில் மணல், அதில் கையால் அமுக்கிய குழி, மேலே கொஞ்சம் வைக்கோல், ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், ஒரு ஆணி. முட்டையிடுகிற பெட்டிக்கு மணல் சரிப்படாது, மழையில் சில்லிடும், ஈர ஓட்டில் அப்பிக்கொள்ளும். மூன்று வாரம் ஒரே கோழி அசையாமல் உட்காருகிற இடத்திலோ அதே மணல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், குழி சரியாமல் முட்டைகளை நடுவிலேயே நிறுத்தும். கரியும் மிளகாயும் ஆணியும் இடியில் முட்டை கெடாமல் இருக்க என்பார் அம்மிச்சி. எனக்கு இடி பயம் இல்லை, அம்மிச்சி வந்து கூடையைக் கிளறிப் பார்ப்பார் என்கிற பயம் உண்டு.

தையில் மறுபடி 60 முட்டை வைத்தேன், ஒன்றையும் கழுவவில்லை, அழுக்கானது எதுவும் மெஷினுக்குப் போகவில்லை. காலை பத்து, மதியம் ஒன்று, மாலை நாலு என்று மூன்று தடவை பொறுக்கியதும், ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காததும் இந்த ஈட்டில்தான். 46 குஞ்சு வந்தது, எதுவும் வெடிக்கவில்லை. பெட்டியால் மட்டும் 33 என்பது 46 ஆனது என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு கிழட்டுச் சேவலை மாற்றினேன், ஏழாம் நாள் வெளிச்சத்தில் பார்த்தபோது கரு கூடாத முட்டை போன தடவையைவிடக் குறைவு, அது சேவலின் கணக்கு.

இப்போது எட்டுப் பெட்டியிலும் அடியில் இரண்டு அங்குலம் உமி, மேலே மூன்று அங்குலம் நறுக்கின வைக்கோல். உமி இருப்பதால் வைக்கோல் பாதிதான் செலவாகிறது, பலகையில் முட்டை இடிப்பதும் இல்லை. பட்டறையில் சீவல் கிடைக்கிற வாரம் வைக்கோலுக்குப் பதில் அது. வைக்கோல் கட்டுகளை மாட்டுக் கொட்டகைப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன், தரை ஈரம் படாமல். பிளாஸ்டிக் புல் விரிப்பு துணி துவைக்கிற கல் பக்கம் மிதியடியாகக் கிடக்கிறது. கருப்பி மட்டும் இந்த ஏற்பாடு எதையும் ஏற்கவில்லை, மோட்டார் ரூமில் மடித்துப் போட்டிருந்த சாக்கின் மேல் தினமும் ஏறுகிறது. அங்கே ஒரு பெட்டி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.